பார்த்துவிட்டு வருகிறவர்கள்

என் அக்காள் மகன் ஒரு பிரயாணக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மனிதர்களை ஓரிடத்திலிருந்து கிளப்பி இன்னோரிடத்தில் இறக்கி, அலுப்புத் தட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வீட்டில் சேர்ப்பது அந்தக் கம்பெனியின் தொழில். போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் என் வீட்டுக்கு வந்து, காப்பி ஆறுவதைக்கூடப் பொருட்படுத்தாமல், மேஜைமேல் ஒரு பெரிய அட்டவணையை விரித்தான்.

"மாமா, இதிலே இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி நல்ல தமிழ்லே எழுதிக் கொடுங்க. கதை எழுதறவர் எழுதினா ஒரு களை இருக்கும்" என்றான்.

நான் அட்டவணையைப் படித்துப் பார்த்தேன். கோயில் சுற்றுலா இருந்தது. மருத்துவச் சுற்றுலா இருந்தது; வங்காளத்திலிருந்து சென்னை ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் வைத்தியம் முடிந்ததும் மகாபலிபுரத்தையும் பார்த்துவிட்டுப் போவார்களாம். பறவை பார்க்க ஒன்று, மலை ஏற ஒன்று, ஊர் ஊராகச் சாப்பிடுவதற்கென்றே ஒன்று. பட்டணத்துக் குழந்தைகளைக் கிராமத்துக்கு அழைத்துப் போய் நாற்று நடச் சொல்லும் சுற்றுலாவும் இருந்தது. அந்தக் கிராமத்தில் நாற்று நட ஆள் கிடைக்காமல் யந்திரம் வந்து பல வருஷமாகியிருக்கும், அது வேறு விஷயம். கொடைக்கானலில் அறை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை மடியில் வைத்து, பெங்களூர் ஆபீஸ் வேலையைப் பார்க்கும் சுற்றுலாவும் ஒன்று உண்டு. அதில் மனிதன் எங்கே போகிறான், எதை விட்டுப் போகிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசி வரியில் 'துயரச் சுற்றுலா' என்று போட்டிருந்தது.

"இது என்னடா?"

"இதுக்குத்தான் மாமா இப்போ மவுசு" என்று அவன் விளக்கினான். போலந்தில் ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்தைப் பார்க்க 2019-இல் மட்டும் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்களாம். 1986-இல் அணு உலை வெடித்த செர்னோபிலுக்குக்கூட, யுத்தம் வருகிறவரையில், ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? 1964 டிசம்பரில் புயல் தின்ற தனுஷ்கோடிக்கு, 2017-இல் சாலை திறந்த பிறகு, ராமேசுவரம் போகிறவர்களெல்லாம் போய் இடிந்த மாதா கோயில் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மாதிரி சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு பகல் பிரயாணம் அவன் போட்டிருந்தான்: காலையில் திருவொற்றியூர்க் கோயில், பிறகு எண்ணூர் முகத்துவாரம், அத்திப்பட்டு, மாலையில் பழவேற்காடு. கோயில், சாம்பல், கல்லறை, பறவை. நான்கும் ஒரே டிக்கெட்டில்.

"பார்க்காத ஊரைப் பற்றி நாலு வரி என்ன, ஒரு வரிகூட எழுத மாட்டேன்" என்றேன். தப்பித்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னேன். அவனோ, "அப்போ அடுத்த ஞாயிறு போகலாம்" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு வாரமும் எனக்கு இந்த வார்த்தைகளைப் பற்றியே யோசனை. என் பெற்றோர் காலத்தில் பொழுதுபோக்காக ஊர் பார்க்கப் போவதற்கு 'உல்லாசப் பிரயாணம்' என்று பெயர். அதில் ஒளிவுமறைவு கிடையாது. உல்லாசமாக இருக்கப் போகிறேன் என்று மனிதன் ஒப்புக்கொண்டு போனான். அதற்கும் முந்தியவர்கள் யாத்திரை போனார்கள். நாம்தான் சுற்றுலாப் போகிறோம். நல்ல சொல்தான். ஆனால் 'உலா' என்று தமிழில் ஒரு பிரபந்த வகையே இருக்கிறது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள்மேல் உலாப் பாடியிருக்கிறார். அதில் அரசன் வீதி சுற்றி வருகிறான். மாடத்திலும் வாசலிலும் நின்று ஊரே அவனைப் பார்க்கிறது. கோயிலில் உற்சவர் வெளியே வருவதும் அப்படித்தான். கோயிலுக்குள் வந்து பார்க்க முடியாதவன் பார்க்கட்டும் என்று சுவாமி தெருவுக்கு வருகிறார். உலா வருகிறவன் தன்னைக் காட்டிக்கொள்ளப் போகிறவன். நம்முடைய சுற்றுலாவிலோ சுற்றுகிறவன் பார்க்கிறான்; அவனை யாரும் பார்த்துவிடக் கூடாது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், குளிர்சாதன பஸ்ஸின் திரைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருக்கிறான். சொல் அதேதான். ஆனால் ஊர்வலம் தலைகீழாகிவிட்டது.

குறிப்பிட்ட ஞாயிறன்று விடியற்காலையில் திருவொற்றியூரில் இறங்கினோம். தியாகராஜரைத் தரிசித்துவிட்டு வெளியே வரும்போது மகிழ மரத்தடியில் மருமகன் நின்று, "இதுக்கு ஒரு கதை இருக்கில்லே மாமா?" என்றான்.

இருக்கிறது. பிரயாணத்தைப் பற்றி நம்மிடம் உள்ள கதைகளில் இதைவிடக் கடுமையான கதை எனக்குத் தெரியாது. சுந்தரர் இந்த ஊரில் சங்கிலியாரைக் கண்டு மணம் செய்துகொள்ள விரும்பினார். 'உன்னைப் பிரிந்து போக மாட்டேன்' என்று அவர் சத்தியம் செய்துதர வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் எழுந்து மகிழடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே தந்திரமாகக் கேட்டுக்கொண்டார் சுந்தரர். சிவனோ சங்கிலியாரின் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சத்தியம் நடந்தது. பிறகு வசந்தம் வந்தது. திருவாரூர் வசந்த விழாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது. புறப்பட்டார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன.

கண்ணுக்குத்தான் தண்டனை. காலுக்கு அல்ல, சத்தியம் சொன்ன வாய்க்கும் அல்ல. அப்புறம் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றொரு கண் என்று கதை சுந்தரரோடு பிரயாணம் செய்கிறது. அவர் போன வழியெல்லாம் நமக்குத் தெரியும். திருவொற்றியூரில் தனியே இருந்த சங்கிலியார் அத்தனை நாளும் என்ன செய்தார் என்று நாம் கேட்பதில்லை. பிரயாணக் கதைகள் எப்போதுமே போகிறவனோடு போய்விடுகின்றன, இருக்கிறவர்களோடு இருப்பதில்லை.

திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அந்த அணையைக் கட்டியபோது கோயிலை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கொசஸ்தலைதான் மீதி நீரையும் பிறகு சேர்ந்த கழிவையும் சுமந்துகொண்டு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. நாங்கள் போகவிருந்ததும் அந்த ஆற்றங்கரைக்குத்தான்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டுப் புதுநகரில் இறங்கினோம். இறங்கினவர்களில் கையில் சாப்பாட்டுத் தூக்கு இல்லாதவர்கள் நாங்கள் இருவர்தான் என்று நினைக்கிறேன். அத்திப்பட்டு என்றதும் பலருக்கும் 2001-இல் வந்த 'சிட்டிஸன்' படத்து அத்திப்பட்டிதான் நினைவுக்கு வரும். வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்டுப்போன கற்பனைக் கடலோர ஊர் அது. இந்த அத்திப்பட்டு எங்கும் போய்விடவில்லை. ரயில் நிற்கிறது, ஆட்டோ கிடைக்கிறது, டீக்கடையில் நல்ல டீ கிடைக்கிறது. ஆனால் சென்னையில் பிறந்து வளர்ந்த என் சிநேகிதர்களில் ஒருவர்கூட இங்கே வந்ததில்லை.

ஒரு காலத்தில் எண்ணூர் உல்லாசத்துக்குப் பேர்போன இடம். கும்பெனிக் காலத்துத் துரைமார்கள் காற்று வாங்கவும் படகு விடவும் இங்கே வந்தார்கள். 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டிய கால்வாய்தான் பின்னால் நீண்டு வளர்ந்து பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. இன்று இங்கே வருகிறவை வேறு. ஒரிஸ்ஸாப் பக்கத்து நிலக்கரி, பாரதீப்பில் கப்பலேறி எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. அந்தத் துறைமுகம் 2001-இல் தொடங்கி, 2014-இல் காமராஜர் பெயர் பெற்றது. அங்கிருந்து நிலக்கரி ஓடும் பட்டைமேல் ஏறி வடசென்னை அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. 1994-இல் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது. 2024 மார்ச்சில் மூன்றாம் கட்டத்தையும் திறந்தார்கள். மூன்றும் சேர்ந்து 2,630 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் இன்னொரு 1,500. நிலக்கரி வருகிறது, மின்சாரம் போகிறது. கார்கள் வருகின்றன, கப்பலேறிப் போகின்றன. இந்த வட்டாரத்தில் ஓயாமல் பிரயாணம் செய்துகொண்டிருப்பவை பொருள்கள்தாம். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பல். அது மட்டும் எங்கும் போவதில்லை. தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் வழியெல்லாம் ஒழுகி ஆற்றில் படிந்து, அதைப் பற்றி வழக்குகளும் நடந்தாயிற்று.

ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இறங்கி நின்றோம். மருமகன் படம் எடுத்தான். தண்ணீர் ஒரு மாதிரி வெளிறி, அரிசி களைந்த நீர்போல இருந்தது. நான்கைந்து பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு கிழவி அலுமினியத் தட்டில் இறாலைக் கொட்டிப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நிற்காமலே பேச்சை ஆரம்பித்தாள்.

"எங்கேர்ந்து வர்றீங்கோ?"

"மாம்பலத்திலிருந்து வர்றோம், ஆயா."

"ஆபீசருங்களா?"

"இல்லை."

"பேப்பர்காரங்களா?"

நான் தயங்கினேன். மருமகன், "இல்லை ஆயா, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றான்.

"சும்மாவா?" என்று அவள் சிரித்தாள். "இங்க சும்மா ஒர்த்தரும் வர்ல கண்ணு. எண்ணெ வந்தப்போ வந்தாங்கோ. கேஸு வந்தப்போ வந்தாங்கோ. நிக்க வெச்சு போட்டோ புட்ச்சிகினு போனாங்கோ. சரி, எங்களைப் பாக்க வந்தீங்களா, சாம்பலைப் பாக்க வந்தீங்களா?"

2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அவள் சொன்ன எண்ணெயும் கேஸும் அவைதாம். பத்திரிகையில் நானும் படித்திருந்தேன். படித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டியுமிருந்தேன்.

அவள் கேட்ட கேள்விக்கு நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். மருமகன் தோல்பையிலிருந்த பாட்டிலைத் தட்டிக் காட்டி, "இருக்கு ஆயா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவளுக்கே லாரித் தண்ணீர்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று அணைந்தது.

அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பற்றித்தான் நான் கொஞ்சம் பேச வேண்டும்.

தண்டையார்பேட்டையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார். சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். வழியெல்லாம் கண்டதைத் தெலுங்கில் எழுதிவைத்தார். பதினைந்து மாதப் பிரயாணம். அப்படிப் போகிறவனுக்கு ஊர் தோறும் ஊராரின் தயவு வேண்டியிருந்தது. கிணற்றில் நீர் இறைக்க அனுமதி வேண்டும். ஆறு எங்கே ஆழம், எங்கே கள்ளர் பயம் என்று யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் அவர்களும் கேட்பார்கள்: எந்த ஊர், யார் மகன், எதற்காகப் போகிறாய், வீட்டில் யார் இருக்கிறார்கள்? பதில் சொல்லாதவனுக்குத் திண்ணை கிடையாது. பார்க்கப் போனவன் பார்க்கப்பட்டான்; விசாரிக்கப்பட்டான்; கடன்பட்டான். அந்தக் கடனை ஊருக்குத் திரும்பியதும் வேறு யாருக்காவது சோறு போட்டுத் தீர்த்தான்.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தைத் தங்கமுலாம் பூசிக் காட்டுகிறேன் என்று வாசகர் நினைக்க வேண்டாம். சத்திரங்களில் எல்லாருக்கும் இலை போட்டுவிடவில்லை. எந்த ஜாதி என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்றுதான். அநேகமாக முதல் கேள்வி. முகம் தெரியாமல், பெயர் தெரியாமல், காசை நீட்டித் தோசை வாங்கித் தின்னும் சுதந்திரம் நம் நாட்டில் பல கோடிப் பேருக்கு ஒரு விடுதலையாகவே வந்தது. அதை நான் இழக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒன்று பார்க்கிறேன். வேண்டியதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு, போன இடத்து மனிதர்களிடம் வேண்டியது எதுவும் இல்லை. ஒன்றும் வேண்டாதவனை எப்படி உபசரிப்பது? உபசரிக்க வழியில்லாதபோது அங்கே இருக்கிறவர்கள் வீட்டுக்காரர்களாக இருக்க முடியாமல் காட்சிப் பொருள்களாகிவிடுகிறார்கள். என் மருமகனின் அட்டவணையில் இருந்த பத்துப் பன்னிரண்டு வகையும் எனக்கு இந்த இடத்தில் ஒன்றாகவே தெரிந்தன. கோயிலுக்குப் போகிறவனும் சாம்பலுக்குப் போகிறவனும் அந்த ஊர்க்காரன் ஒருவன் தன் வீட்டுக் கதவை ஒருநாள் தட்டுவான் என்று எதிர்பார்ப்பதில்லை. நம் குடும்பங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து போனால் பதிலுக்கு நாமும் போய் வர வேண்டும். போகாவிட்டால் அது குறைதான். 'நாங்க ரெண்டு தடவை வந்தாச்சு, அவங்க ஒரு தடவைகூட வரல்லே' என்று எத்தனை வருஷம் பேசாமல் இருந்த சம்பந்திகளை எனக்குத் தெரியும்! பதிலுக்கு வர முடியாது என்று தெரிந்த வீடுகளுக்கு மட்டுமே போய் வருவதற்கு நாம் இன்று சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறோமோ என்னவோ.

ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் கணக்கில், போன இடத்தில் ஓர் இரவாவது தங்கினவனுக்குத்தான் சுற்றுலாப் பயணி என்று பெயர். தங்காதவன் வெறுமனே பகலில் வந்து போனவன். 2024-இல் உலகத்தில் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கினவர்கள் சுமார் 140 கோடிப் பேர். வருகிறவர்கள் தங்குவதாலும் சங்கடம் வருகிறது. 2024 ஜூலையில் பார்ஸிலோனா ஜனங்கள் வாடகை ஏறிப்போன கோபத்தில், உணவு விடுதி வாசலில் உட்கார்ந்திருந்த வெளியூரார்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில் வெனிஸ் நகரம் பகலில் வந்து போகிறவர்களிடம் ஐந்து யூரோ நுழைவுக் காசு வாங்க ஆரம்பித்தது. வீட்டுக்காரன் தன் வாசலில் நின்று 'நீ யார்' என்று கேட்கும் உரிமையை எப்படியோ திரும்பப் பெறப் பார்க்கிறான். அத்திப்பட்டில் அந்தப் பிரச்னை இல்லை. இரவு தங்க யாரும் வருவதில்லை.

பழவேற்காட்டுக்கு நான் முன்பு ஒரு முறை போயிருக்கிறேன். டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். உள்ளே கல் தோறும் பெயர், தேதி, குலச் சின்னம். எல்லாம் இன்னும் படிக்கிறமாதிரி இருக்கின்றன. அதே துறையிலிருந்து அந்த நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டேவியா பக்கம் கொண்டுபோனார்கள். அவர்களும் கடல் கடந்து பிரயாணம் செய்தவர்கள்தாம். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லாததால் அன்று நான் எலும்புக்கூட்டைப் படம் எடுத்துக்கொண்டு, பூநாரை பார்க்க ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இடத்தையும் படகுக்காரர் ஒருவர் எனக்குக் கைகாட்டினார். அதையும் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்படி நான் பேசிக்கொண்டே போனதை, பாலத்தடி நிழலில் நின்று மருமகன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"அப்போ யாருமே வரக் கூடாதுங்கறீங்களா மாமா? முப்பது வருஷமா ஒருத்தரும் வந்து பார்க்காததாலேதானே இவ்வளவு சாம்பல் கொட்ட முடிஞ்சுது? அந்தப் பொறம்போக்குப் பாட்டு வந்த அப்புறம்தானே எங்க ஆபீஸ்லே பாதிப் பேருக்கு எண்ணூர்னு ஒரு ஆறு இருக்கறதே தெரியும்?"

அது நியாயம். 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா இந்த முகத்துவாரக் கரையில் வந்து நின்று பாடிய அந்தப் பாட்டு, சபாக்களில் மட்டும் அவரைக் கேட்டவர்களையும் இந்தப் பக்கம் திரும்பவைத்தது. பார்வையே படாத இடத்தில் எதையும் செய்துவிடலாம் என்பதற்கு இந்த ஆற்றைவிடச் சாட்சி வேண்டாம். போய்ப் பார்க்கிறவன்மேல் நான் சொல்லும் குற்றத்தைவிட, போகாமலே வீட்டில் விளக்கைப் போடுகிறவன் குற்றம் சிறியது என்று என்னால் சொல்ல முடியாது.

"இந்த ஊர்ப் பையன் ஒருத்தனையே வழிகாட்டியா வெச்சு, டிக்கெட்லே ஒரு பங்கு அவனுக்குக் கொடுக்கப் போறோம்" என்றான் அவன். "காசு வாங்கினாத்தான் தப்பா? இலவசமா வந்து பார்த்துட்டுப் போனா சரியா?" கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க மட்டும் என்ன மாமா? ஊர்லே இருக்கிற கஷ்டத்தையெல்லாம் எழுதி சன்மானம் வாங்கலையா?" என்றான்.

சுருக்கென்றது. அவன் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போகிறான். நான் பக்கத்தில் ஏற்றி அழைத்துப் போகிறேன். இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கதைகளில் வந்த எத்தனையோ கிழவிகளில் ஒருத்தியாவது தன்னைப் பற்றி நான் எழுதியதைப் படித்ததில்லை. படித்துவிட்டு 'இது தப்பு' என்று சொல்ல என் வீட்டுப் படி ஏறினதும் இல்லை. இப்போது எழுதுகிற இதற்கும் சன்மானம் வரத்தான் போகிறது.

கிழவி எங்கள் பேச்சைக் கேட்டாளோ இல்லையோ, இறாலைப் பிரித்து முடித்துக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்கூட்ல கரண்ட்டு போவுமா?" என்றாள்.

"எப்போதாவது போகும்."

மின் நிலையத்துப் புகைபோக்கிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கூட்லயுந்தான் போவுது" என்றாள். குறைசொல்கிற மாதிரி இல்லை. ஏதோ இரண்டு வீட்டுக்கும் பொதுவான உறவுக்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

நான் அரைக் கிலோ இறால் வாங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அவள் சொன்ன விலைக்குமேல் பத்து ரூபாய் கொடுத்ததை அவள் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பெயர், பிள்ளைகள் எத்தனை, மருமகனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்தாள். மாம்பலத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவளுடைய பேத்தி அங்கேதான் ஒரு வீட்டில் தங்கிச் சமையல் வேலை செய்கிறாளாம்.

"அட்ரஸு எய்திக் குடு நைனா. பேத்தியைப் பாக்க வர்சொல்லோ ஒரு எட்டு உங்கூட்டாண்ட வந்துட்டுப் போறேன். நீ எங்கூரை வந்து பாத்துட்டே. நான் உங்கூரை பாக்க வாணாவா?"

மருமகன் தன் அட்டவணையின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தான். நான் எழுதினேன். அவள் அதை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பழவேற்காடு போகவில்லை. திரும்பும் ரயிலில் கூட்டம் இருந்தது. இறால் பொட்டலத்தை நான் மேலே வைக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எண்ணூர் தாண்டுகிற வரைக்கும் மருமகன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

"வீட்டு நம்பர் எழுதினீங்களா மாமா?" என்றான்.

தெருப் பெயர் எழுதியிருந்தேன். மேற்கு மாம்பலம் என்று எழுதியிருந்தேன். என் பேனா அதோடு நின்றுவிட்டது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

"எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள்" என்றேன்.

"யார் வீடுன்னு கேப்பா?"

சீட்டில் என் பெயரையும் எழுதவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.